கம்பு பிடித்த கை வம்புக்குப் போகாது!

விர்... விர்... விர்...

மாலை ஐந்தரை மணி. வெயில் தாழ்ந்துவிட்டது. மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமோ, அலங்காநல்லூர்ப் பக்கமோ, திருமங்கலம் பக்கமோ போய், ஏதாவது ஓர் ஊரின் கண்மாய்க் கரையில் சற்று நேரம் நின்று பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் இந்த ஓசை உங்கள் காதில் விழும். குளவிக் கூட்டம் ஒன்று பக்கத்தில் பறப்பது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் குளவியும் இல்லை, வண்டும் இல்லை. பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் வரிசையாக நின்று கம்பு சுற்றிக் கொண்டிருப்பார்கள்!

காற்றைக் கிழித்துக் கொண்டு கம்பு போடும் இந்த ஓசைதான் 'சிலம்பம்' என்ற பெயருக்கே காரணம் என்று சொல்வார்கள். சிலம்புதல் என்றால் ஒலித்தல். சிலம்பு என்றால் மலை என்றும் பொருள் உண்டு. மலையிலே விளைந்த மூங்கிலை எடுத்துச் சுற்றியதால் இந்தப் பெயர் வந்தது என்பாரும் இருக்கிறார்கள். எது எப்படியோ, பெயர் தமிழ்ப் பெயர். கலை நம் கலை.

அது சரி, இந்தக் காலத்தில் கம்பு எதற்கு? கடைவீதிக்கு யாராவது கம்பு எடுத்துக் கொண்டு போகிறார்களா? பஸ்ஸில் ஏறும்போது ஐந்தடிக் கம்பை எங்கே வைப்பது? சண்டைக் கலை கற்க வேண்டுமானால் கராத்தே இருக்கிறது, குத்துச் சண்டை இருக்கிறது. கையும் காலும் போதாதா? ஆயுதப் பயிற்சி எதற்கு?

நியாயமான கேள்விதான். மதுரையில் பல வீடுகளில் எழக்கூடிய கேள்வி இது.

ஒரு வீட்டுப் பேச்சு

செல்லூரிலோ, அனுப்பானடியிலோ ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரம். மகன் மெதுவாக ஆரம்பிக்கிறான்.

"அப்பா, சிலம்ப வகுப்பிலே சேரட்டுமா?"

"அதான் கராத்தேக்குப் போறியேடா. கம்பு என்னத்துக்கு? தெருவுல தூக்கிக்கிட்டுத் திரியவா?"

"கராத்தே மாஸ்டரே சொன்னாருப்பா, கம்பும் கத்துக்கிட்டா நல்லதுன்னு."

"நல்லா இருக்குது! இன்னைக்குக் கம்பும்பே, நாளைக்கு அருவாம்பே. வேணாம்யா. ஒழுங்காப் படிக்கிற வழியப் பாரு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது:

"உங்க அப்பாரும் கம்பு சுத்துனவுகதானே? அவுக யார வம்புக்கு இழுத்தாக?"

அப்பா பேசாமல் சோற்றைப் பிசைகிறார்.

வாசகர்களே, இந்த வீட்டில் கெட்டவர் யாருமில்லை. அப்பாவின் பயம் உண்மையான பயம். அருவாள் வெட்டுச் செய்தி இல்லாமல் நம் பக்கத்துப் பத்திரிகைகள் பல நாள் வெளிவருவதில்லை. ஆயுதத்தைத் தொட்டால் பிள்ளை கெட்டுவிடுவான் என்று தகப்பன் நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் வேண்டும் அல்லவா? முறையாகக் கம்பு கற்றவன் ஏன் வம்புக்குப் போவதில்லை? அந்தக் கம்பு அவனுக்கு என்னதான் கற்றுக் கொடுக்கிறது?

முதல் பாடம் காலுக்கு

கம்பு வகுப்பில் சேர்ந்த அன்றே கம்பைச் சுற்றலாம் என்று நினைப்பவன் ஏமாந்து போவான். பல ஆசான்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது 'காலடி'. எந்தக் காலை முன்னே வைப்பது, எந்தக் காலை இழுப்பது, எப்படித் திரும்புவது என்பதுதான் காலடிப் பாடம். தென்பாண்டிச் சீமையில் சில இடங்களில் இதையே 'சுவடு' என்பார்கள். ஆசானுக்கு ஆசான் முறை மாறும். ஆனால் கால் சரியாக இல்லாதவனுக்குக் கம்பு வராது என்பதில் மட்டும் யாருக்கும் மாறுபாடு இல்லை.

ஏன்? கம்பு சுற்றும்போது உடம்பைச் சுற்றி ஒரு சக்கரம் ஓடுகிறது. கால் ஒரு சாண் தப்பினால் அந்தச் சக்கரம் நம் முழங்காலிலேயே வந்து மோதும். வெறுங்கையால் குத்துப் பழகுகிறவன் காலைத் தப்பாக வைத்தாலும் அவனுக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. வாத்தியார் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். கம்பு அப்படி இல்லை. தப்பு செய்த அந்த நொடியிலேயே 'பொட்' என்று ஒன்று போட்டுச் சொல்லிவிடும்!

இதை நான் அனுபவத்தில் கண்டேன். இந்தக் கட்டுரைக்காகப் பார்க்கப் போன இடத்தில், "சும்மா சுத்திப் பாருங்க சார்" என்று ஒரு பையன் கம்பை நீட்டினான். கல்லூரியில் படித்தவன், முப்பது வயதைத் தாண்டியவன், இது என்ன பெரிய வித்தை என்று வாங்கினேன். மூன்றாவது சுற்றிலேயே என் கணுக்காலில் விழுந்தது அடி. பையன்கள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். எல்லோரும் அந்த அடியை வாங்கியவர்கள்தாம் போலிருக்கிறது!

நம் நாட்டு வெறுங்கைச் சண்டைக்குக் 'குத்துவரிசை' என்று பெயர். குத்துவரிசைக்கும் சிலம்பத்துக்கும் காலடி ஒன்றேதான். கம்போடு பழகிய கால், கம்பைக் கீழே போட்ட பிறகும் அப்படியேதான் நடக்கும். கராத்தேக்காரனும் குத்துச் சண்டைக்காரனும் கம்பு கற்பதால் பெறும் முதல் லாபம் இது.

உயிர் காக்கும் கணக்கு

இரண்டாவது லாபம் தூரம் பற்றிய அறிவு. இதைச் சாதாரணக் கணக்காகவே பார்க்கலாம்.

சிலம்பக் கம்பு பெரும்பாலும் சுற்றுகிறவனின் நெற்றி உயரம் இருக்கும். ஐந்தே கால் அடி, அதாவது சுமார் 1.6 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். நடுவில் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் கம்பின் நுனி மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதே கம்பை அடிப்பக்கமாகப் பிடித்து அதே போலச் சுற்றினால், நுனியின் வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டும். ஊருக்குள் போகும் பஸ்ஸின் வேகத்தை விட அதிகம்! கை அசைவது கொஞ்சம்தான். நுனி ஓடுவது அத்தனை வேகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவன் கையை நீட்டினால் எட்டுவது இரண்டரை அடி. கம்பின் அடியைப் பிடித்து நீட்டினால் ஏழடிக்கு எட்டும். ஆக, வெறுங்கைக்காரன் 'நான் பாதுகாப்பான தூரத்தில் நிற்கிறேன்' என்று நினைக்கும் இடம், கம்புக்காரனுக்கு நடு மார்பில் தொடும் இடம்.

வெறுங்கைப் பயிற்சி மட்டும் பெற்றவனுக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் தெரியும். அது தன் கை கால் நீளம். நெடுங்கம்பு, குறுங்கம்பு, வாள் என்று பழகியவன் மனத்தில் பல அளவுகோல்கள் ஏறிவிடுகின்றன. எதிரே ஒருவன் கையில் எதையாவது எடுத்தால், எத்தனை அடி விலக வேண்டும் என்று அவன் கால் தானாகச் சொல்லும். சிலம்பப் போட்டியிலேயே 'தொடுமுறை' என்று ஒரு பிரிவு உண்டு. எதிரியைக் காயப்படுத்துவது அங்கே வெற்றி அல்ல. அவன் தடுப்பைத் தாண்டி அவன் உடம்பைத் தொட்டால் புள்ளி. அந்தக் காலத்தில் கம்பின் நுனியில் சாம்பல் போன்ற பொடியைத் தொட்டுக் கொண்டு ஆடுவார்களாம். ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணிப் பார்த்தால் போதும், மத்தியஸ்தர் கூட வேண்டாம்!

சோம்பேறிக் கைக்கு வேலை

மூன்றாவது லாபம் இடக்கைக்கு. நம்மில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். சாப்பிடுவது, எழுதுவது, குத்துவது எல்லாம் வலக்கை. இடக்கை சும்மா துணைக்கு வரும். கம்பு இதை ஒப்புக் கொள்ளாது. வலக்கையிலிருந்து இடக்கைக்கும், இடக்கையிலிருந்து வலக்கைக்கும், முதுகுப் பக்கமாகவும், தலைக்கு மேலாகவும் மாறிக் கொண்டே இருக்கும். எந்தக் கை சோம்பினாலும் கம்பு கீழே விழும். இரட்டைக் கம்பு வீச்சு என்றால் கேட்கவே வேண்டாம்; இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும்.

மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் தோளுக்கும் கிடைக்கும் வலு தனி. சுற்றும் கம்பு கையை விட்டுப் பறக்கப் பார்க்கும். அதை நழுவ விடாமலும், இறுக்கிப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிடாமலும் வைத்திருக்க வேண்டும். இந்தப் பிடி மல்யுத்தத்துக்கும் உதவும், ஜூடோவுக்கும் உதவும், கபடிக்கும் உதவும். கண்ணுக்கும் பயிற்சிதான். ஓடுகிற நுனியைக் கண்ணால் துரத்த முடியாது. எதிரியின் மார்பையும் தோளையும் பார்த்துக் கொண்டே, ஓரப் பார்வையில் கம்பைக் கவனிக்க வேண்டும்.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு தரும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் கம்பு சுற்றுகிற பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. செலவு என்ன? ஒரு மூங்கில் கம்பு!

ஆயுதத்துக்கு ஒரு புத்தி

கம்பு நன்றாக வந்த பிறகுதான் மற்ற ஆயுதங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு புத்தியைச் சொல்லிக் கொடுக்கும்.

வேல் கம்பு நேர்கோட்டைக் கற்பிக்கும். சுற்றி வளைக்காமல் குறியை நோக்கிப் போவது எப்படி என்பது அதன் பாடம். வாளும் கேடயமும், ஒரு கை தாக்கும்போது மறு கை காக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கும். மான் கொம்பு நெருங்கிப் போய்ச் சண்டையிடும் ஆயுதம். தடுப்பும் குத்தும் அதில் ஒன்றாகவே வரும். இன்று அசல் மான் கொம்பை ஆயுதமாக வைத்துக் கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மரத்திலும் உலோகத்திலும் அதே வடிவில் செய்து கொள்கிறார்கள்.

சுருள்வாள் எல்லாவற்றிலும் பொல்லாதது. வளைந்து சுருளும் மெல்லிய தகட்டு வாள். அதற்கு எதிரியும் ஒன்றுதான், எடுத்தவனும் ஒன்றுதான்! மனம் ஒரு கணம் அலைந்தால் திரும்பி வந்து எடுத்தவனையே கீறும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் தவிர மற்றவர்களிடம் அதை ஆசான்கள் கொடுப்பதில்லை. மனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதற்கு அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது.

பக்கத்து வீட்டில் என்ன செய்கிறார்கள்?

இது நம் ஊர்க் கதை மட்டும்தானா? இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் களரிப்பயிற்று இருக்கிறது. அங்கே படிப்பு நான்கு படிகளாக ஏறும். முதலில் மெய்த்தாரி, உடம்பைப் பக்குவப்படுத்துவது. இரண்டாவது கோல்தாரி, மர ஆயுதங்கள். மூன்றாவது அங்கத்தாரி; வாள், கேடயம் போன்ற உலோக ஆயுதங்கள். நான்காவதாகத்தான் வெறுங்கை! நாம் எளிது என்று நினைக்கும் வெறுங்கைச் சண்டை அங்கே கடைசி வகுப்பு. ஏனென்றால், ஆயுதம் எப்படி வரும் என்று தெரிந்தவனுக்குத்தானே வெறுங்கையால் அதை எதிர்கொள்ளும் வழியும் புரியும்?

கடல் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குப் போனால் அங்கே 'ஆர்னிஸ்' என்ற கலை. 2009-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி அதைத் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்திருக்கிறார்கள். அதில் சேர்ந்தவனுக்கு முதலிலேயே பிரம்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிரம்போடு கற்ற அதே வீச்சும் அதே தடுப்பும் பிறகு வெறுங்கைக்கு வரும். கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவிலும் அதன் கூடவே 'கொபுடோ' என்னும் ஆயுதக் கலை வளர்ந்திருக்கிறது. அதில் முக்கியமான ஆயுதம் எது தெரியுமா? சுமார் ஆறடி நீளமுள்ள ஒரு கம்பு!

ஆகவே, "கராத்தே படிக்கிறாயே, கம்பு எதற்கு?" என்று கேட்ட அப்பாவுக்கு ஒகினாவாக்காரனே பதில் சொல்லிவிட்டான். கையும் கம்பும் பங்காளிகள் அல்ல, கூடப் பிறந்தவர்கள்.

சினிமா செய்த நன்மையும் தீமையும்

சிலம்பத்தைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு போனதில் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் வளர்ந்தவர் எம். ஜி. ஆர். 1956-இல் வந்த 'தாய்க்குப் பின் தாரம்', 1963-இல் வந்த 'பெரிய இடத்துப் பெண்' ஆகிய படங்களில் அவர் கம்பு பிடித்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒட்டடைக் கம்பைச் சுற்றி விளக்கை உடைத்த பையன்கள் எத்தனை பேரோ!

அது நன்மை. தீமை என்ன? கதாநாயகன் வெறுங்கையோடு நிற்பான். நாலு பேர் அருவாளும் கத்தியுமாகப் பாய்வார்கள். அவன் குனிந்து, நிமிர்ந்து, ஒருவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, அருவாளைத் தட்டிவிட்டு, சட்டையைச் சரி செய்து கொள்வான். ஒரு கீறல் கூட இராது!

ஆறு மாதம் கராத்தே கற்ற வாலிபனுக்கு, தானும் அப்படிச் செய்யலாம் என்று தோன்றிவிடுகிறது. அபாயம் இங்கேதான் இருக்கிறது.

அவன் கையில் ஒரு கம்பைக் கொடுங்கள். எதிரில் ஒரு கூட்டாளியை, முழங்கை நீளமுள்ள மரத்துண்டோடு நிறுத்துங்கள். மரத்துண்டை அருவாள் என்று வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். பிறகு கம்பையும் வாங்கிக் கொண்டு, வெறுங்கையால் அந்த மரத்துண்டைத் தடுக்கச் சொல்லுங்கள். பத்துத் தடவையில் எத்தனை தடவை மரம் அவன் மேல் படுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் கனவு கலையும். 'மரமாக இருந்ததால் பிழைத்தேன்' என்று அவனே சொல்வான்.

ஆயுதத்தைத் தொட்டுப் பழகியவனுக்குத்தான் ஆயுதத்தின் மேல் உண்மையான பயம் வரும். அந்தப் பயம் கோழைத்தனம் அல்ல, அறிவு. அருவாள் எடுத்தவன் எதிரே வந்தால், முதல் வித்தை ஓடுவது. இரண்டாவது வித்தை, ஓட வழியில்லாவிட்டால் கையில் அகப்படும் எதையாவது எடுத்துத் தூரத்தை நீட்டிக் கொள்வது. குடையோ, துடைப்பக் கட்டையோ, நாற்காலியோ எதுவானாலும் சரி. கம்பு பழகிய கைக்கு அது கம்புதான். வெறுங்கையால் பாய்வது கடைசிக்கும் கடைசி. வீரன் என்று பெயர் வாங்கிச் சாவதைவிட, ஓடி வந்து வீட்டில் சாப்பிடுவது மேல் என்று சொல்லிக் கொடுப்பவரே நல்ல ஆசான்.

காவல் இல்லாத அரண்மனை

ஆயுதம் தெரிந்தவன் அடங்கியிருப்பான் என்பதற்கு நம் பக்கத்துச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. மதுரைக்குக் கிழக்கே இருக்கும் சிவகங்கைச் சீமையை அப்போது மருது சகோதரர்கள் நடத்தி வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி இருந்தார். 1795-ஆம் ஆண்டில் அவர் சின்ன மருதுவைப் போய்ப் பார்த்தார். சின்ன மருது தலையசைத்தால் அதுதான் அங்கே சட்டம். ஆனால் அவர் வீட்டு வாசலில் ஒரு காவல்காரன் கூட இல்லையாம்! யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். 1830-இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதியிருக்கிறார்.

அது மட்டுமல்ல. தமக்கு ஈட்டி எறியவும், வளரி வீசவும் முதன் முதலில் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்றும் அவர் எழுதுகிறார். வளரி என்பது வளைந்த எறி ஆயுதம். கைதேர்ந்தவன் வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பது வெல்ஷ் தரும் சான்று.

ஆறே வருஷம். 1801-இல் யுத்தம் மூண்டது. வித்தை கற்ற வெல்ஷ் ஒரு பக்கம். வித்தை கற்றுக் கொடுத்த மருது மறு பக்கம். தொடை எலும்பு முறிந்து பிடிபட்ட சின்ன மருதுவும், அண்ணன் பெரிய மருதுவும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். தமக்கு ஈட்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரின் முடிவை வெல்ஷ் கனத்த மனத்தோடுதான் எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில், சென்னை கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து பிரகடனம் விட்டார். 1878-இல் இந்திய ஆயுதச் சட்டமும் வந்தது. வாளும் ஈட்டியும் போயின. கம்பு? மாடு மேய்ப்பவன் கையில் கம்பு. வயலுக்குக் காவல் போகிறவன் கையில் கம்பு. தாத்தாவுக்கு ஊன்றுகோல் கம்பு. அதை எந்தக் கவர்னர் பிடுங்குவது? கம்போடு சேர்ந்து கலையும் பிழைத்துக் கொண்டது. தோட்ட வேலைக்கு மலாயா போன தமிழனோடு கப்பலும் ஏறியது.

இன்றைய நிலை

இன்று சிலம்பத்துக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு சேர்த்தது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. அந்தப் போட்டிகளின் சின்னம் யார் தெரியுமா? சிவகங்கைச் சீமையின் ராணி வேலு நாச்சியார்! பெண் குழந்தைகளும் கம்பு எடுக்கிறார்கள். கண்மாய்க் கரையில் நான் பார்த்த வரிசையிலும் இரட்டைச் சடை போட்ட சிறுமிகள் நாலு பேர் இருந்தார்கள். வீச்சில் பையன்களுக்கு ஒரு பிடி மேல்!

ஆனால் ஒரு குறையும் கண்ணில் படுகிறது. மேடையில் கை தட்டு வாங்கும் அலங்கார வீச்சு வளர்கிற அளவுக்கு, எதிரில் ஒருவனை நிறுத்தித் தொட்டுப் பழகும் முறை எல்லா இடத்திலும் வளரவில்லை. தனியாகச் சுற்றினால் அழகு வரும், உடல் வலு வரும். தூரமும், நிதானமும், அடி விழும் என்ற அச்சமும் எதிரே ஆள் நின்றால்தான் வரும். இரண்டும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தால், மேலே சொன்ன லாபங்களில் பாதிதான் கைக்கு வரும்.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளையை வகுப்பில் சேர்க்கு முன் ஒரு மாலை நேரம் நீங்களே போய்ப் பாருங்கள். நாலு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஒன்று: பிள்ளைகள் வணக்கம் சொல்லித் தொடங்குகிறார்களா? சிலம்பத்தில் இதைச் 'சலாவரிசை' என்பார்கள். மண்ணுக்கும் ஆசானுக்கும் எதிராளிக்கும் வணக்கம் சொல்லாமல் கம்பு தூக்குகிற இடம் நல்ல இடம் அல்ல.

இரண்டு: எட்டு வயதுப் பிள்ளைக்குச் சுருள்வாளைக் கொடுத்துப் படம் பிடிக்கிறார்களா? அப்படியானால் உடனே திரும்பி வந்து விடுங்கள். சிறுவர்களுக்குக் கம்பு போதும். கூர் ஆயுதங்கள், வயதும் பக்குவமும் வந்த பிறகு, ஆசான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

மூன்று: சண்டைப் பயிற்சியில் தலைக்கவசமும் மார்புக்கவசமும் போடுகிறார்களா? கண்ணில் பட்ட அடிக்கு மருந்து கிடையாது. ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவே போதிய இடம் விட்டு நிற்க வைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

நான்கு: ஆசான் எதைப் பற்றி அதிகம் பேசுகிறார்? அடிப்பதைப் பற்றியா, விலகுவதைப் பற்றியா? விலகுவதைப் பற்றிப் பேசினால் பிள்ளையைத் தாராளமாக ஒப்படைக்கலாம்.

இருட்டு விழுந்தது

நான் போன கண்மாய்க் கரையில் ஆறே முக்கால் மணிக்குப் பயிற்சி முடிந்தது. பிள்ளைகள் கம்பைத் தரையில் வைத்தார்கள். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொண்டார்கள். எனக்குக் கம்பு கொடுத்த பையன் மட்டும் ஓடி வந்து, "கால் வலிக்குதா சார்?" என்று கேட்டான். "கொஞ்சம்" என்றேன்.

பிறகு கம்பைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு எல்லோரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் டீக்கடைப் பக்கம் இரண்டு வாலிபர்கள் எதற்கோ வாய்ச் சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். கை ஓங்கும் நிலைமை. கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. கம்பு வைத்திருந்த பிள்ளைகளோ ஒரு கணம் பார்த்தார்கள். சாலையின் மறு பக்கத்துக்கு மாறினார்கள். சரியாக ஏழெட்டு அடி தூரம் விட்டு நடந்து போய்விட்டார்கள்.

வீட்டில் சோற்றைப் பிசைந்து கொண்டிருந்த அந்த அப்பா இதைப் பார்த்திருந்தால், மறுநாளே மகனுக்கு ஒரு கம்பு வாங்கிக் கொடுத்திருப்பார்.